எந்த மாதம் சேர்ந்த பிள்ளை? வடசென்னை விளிம்பில் ஒரு நடுநிலைப் பள்ளியின் ஓராண்டு

பின்னணி

மணலியைத் தாண்டி கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் போனால் சென்னை மாநகராட்சி என்று போர்டு இருக்கும். பார்ப்பதற்கு ஊர் மாதிரிதான் இருக்கும். தரிசு, நடுவே கன்டெய்னர் யார்டு, லாரி ஷெட், அப்புறம் மறுபடி தரிசு. 2011-ல் மாநகராட்சி எல்லை விரிந்து 200 வார்டுகள் ஆனபோது உள்ளே வந்த கிராமங்கள் இவை. இந்த ஆய்வில் வரும் நடுநிலைப் பள்ளி அப்படி ஓர் ஊரில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை இருநூறுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள். பள்ளியின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

நான் அப்போது அந்த வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர். பள்ளிகளுக்குப் போய் வகுப்பு பார்ப்பதும், பார்த்ததை ஆசிரியர்களோடு பேசுவதும் வேலை.

ஊர்க்காரப் பிள்ளைகள் என்று பள்ளியில் சொல்வது பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பங்களை. விவசாயம் போய்விட்டதால் இப்போது யார்டில் காவல், ஆட்டோ, வீட்டு வேலை என்று இருப்பவர்கள். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களும் இவர்களில் உண்டு. ஆந்திர எல்லை பக்கத்தில் இருப்பதால் அது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது. அடுத்தது லைன் வீட்டுப் பிள்ளைகள், அதாவது வரிசையாகக் கட்டிய வாடகை வீடுகளில் இருப்பவர்கள். யார்டுகளிலும் கிடங்குகளிலும் வேலை பார்க்க பீகார், ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் குழந்தைகள். கொஞ்சம் இருளர் குடும்பங்கள். இவர்கள் தவிர, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் செங்குன்றம் பக்கத்துச் செங்கல் சூளைகளுக்கும் வந்து போகிற குடும்பங்கள். தமிழ் பேசுவதால் இந்தக் கடைசிக் கூட்டத்தைப் பள்ளியில் யாரும் தனியாக எண்ணியதே இல்லை. நடந்தது எல்லாம் இதைச் சுற்றித்தான்.

ஜூன் 2023: குறைந்துபோன சராசரி

அந்த ஆண்டு வெயிலால் பள்ளி திறப்பது தள்ளிப்போய், தொடக்க வகுப்புகள் ஜூன் 14-ல்தான் தொடங்கின. அதற்கு முன்பே ஆய்வுக் கூட்டத்தில் தலைமை ஆசிரியைக்கு ஒரு கேள்வி வந்திருந்தது. முந்தைய ஆண்டின் மூன்றாம் பருவத்தில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளின் தமிழ் அடைவு பக்கத்துப் பள்ளிகளைவிட ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது என்று.

ஆசிரியர்களிடம் பதில் தயாராக இருந்தது. "சார், இந்திக்காரப் பசங்க அதிகமாயிட்டாங்க. அவங்களை வெச்சுக்கிட்டு எப்படி ரிசல்ட் காட்டுறது?" கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னார்கள். மார்ச் 2023-ல் என்ன நடந்தது என்றும் நினைவுபடுத்தினார்கள். வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவிய நேரம் அது, ஹோலியும் சேர்ந்து வந்தது. லைன் வீடுகள் பாதி காலியாயின. பருவத் தேர்வுக்குச் சில பிள்ளைகளே இல்லை. இருந்தவர்களில் சிலர் வெற்றுத் தாள் கொடுத்தார்கள். நம்பும்படியான விளக்கம்தான். ஆனால் தேர்வுக்கே வராத பிள்ளைகள் சராசரியை எப்படிக் கீழே இழுத்தார்கள் என்பதற்கு அதில் பதில் இல்லை.

இது போன்ற கேள்விகளுக்குக் காகிதத்தில் ஒரு காரணம் எழுதி அனுப்புவதுதான் வழக்கம். தலைமை ஆசிரியை அப்படிச் செய்யவில்லை. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார். "எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. எண்ணிப் பார்த்துடலாம்" என்றார்.

பதிவேட்டில் பார்த்தது

நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் அப்போது 51 பிள்ளைகள். சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பெயருக்கும் எழுதியது இரண்டே விவரம்: வீட்டு மொழி, இந்தப் பள்ளியில் சேர்ந்த மாதம்.

எமிஸ் இதற்கு அவ்வளவாக உதவவில்லை. பிள்ளை தொடர்ந்து வராவிட்டால் பெயரை, எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுப் பட்டியலான காமன் பூலுக்குத் தள்ளுகிறோம். வேறு பள்ளியோ அதே பள்ளியோ அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. திரையில் தெரிவது இன்றைய பள்ளியும் இன்றைய வகுப்பும்தான். நடுவில் எத்தனை மாதம் எந்தப் பள்ளியிலும் இல்லை என்பதை ஆசிரியர்தான் தேடிப் பிடிக்க வேண்டும். பழைய வருகைப் பதிவேடுகள் பீரோவின் மேல்தட்டில் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றில் சிவப்பு மையில் அடித்த கோடுகள்தான் உண்மையான வரலாறு.

எண்ணி முடித்தபோது, முதல் வகுப்பிலேயே இங்கு சேர்ந்து விலகாமல் இருந்தவர்கள் 29 பேர். பிறகு வந்தவர்கள், அல்லது போய்த் திரும்பியவர்கள் 22 பேர்.

அடுத்த வாரம் 51 பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னோம். பிள்ளைக்கு முன்பே தெரிந்த பத்தியாக இருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தோம். அதன் காரணம் ஒரு பையனைப் பார்த்தால் புரியும். ஐந்தாம் வகுப்பு, தமிழ்தான் வீட்டு மொழி, அப்பா அம்மா செய்யாறு பக்கத்திலிருந்து வந்தவர்கள். தன் பாடத்தைத் திறந்து கணீரென்று வாசித்தான். குரலில் தடுமாற்றமே இல்லை. ஆனால் வரியின் கீழ் வைத்திருந்த விரல் குரலுக்கு இரண்டு வரி பின்னால் வந்துகொண்டிருந்தது. வேறு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்ததும் நின்றுவிட்டான். 'மா', 'வ' என்று ஒன்றிரண்டு எழுத்தைத் தொட்டான், அப்புறம் தலை குனிந்துகொண்டான். அவனுடைய நோட்டில் கையெழுத்து மணிமணியாக இருந்தது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மூன்று பள்ளிகளில் இருந்துவிட்டு நடுவில் இங்கே வந்தவன். தமிழ்ப் பையன், நன்றாகப் பேசுகிறான், நோட்டு சுத்தமாக இருக்கிறது. ஆசிரியைக்குச் சந்தேகம் வர வழியே இல்லை.

முடிவு இதுதான். ஆரம்பத்திலிருந்து இருந்த 29 பேரில் 23 பேர் பத்தியை வாசித்தார்கள். பிறகு வந்த 22 பேரில் 6 பேர்.

வீட்டு மொழிப்படி பிரித்தால் வித்தியாசம் இவ்வளவு இல்லை. இந்தியோ ஒடியாவோ பேசும் வீட்டுப் பிள்ளைகளில் முதல் வகுப்பிலிருந்து இங்கேயே இருந்தவர்கள் 7 பேர். அவர்களில் 6 பேர் வாசித்தார்கள். அதில் ஒரு பெண், யார்டு சூப்பர்வைசர் தமிழில் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியைத் தினமும் அப்பாவுக்கு வாசித்துச் சொல்கிறவள். மறுபக்கம், வாசிக்க முடியாத தாமத வரவுகளில் பாதிக்கும் மேல் தமிழோ தெலுங்கோ பேசும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். 'இந்திக்காரப் பசங்க' என்ற விளக்கம் அன்றோடு ஆசிரியர் அறையில் நின்றது. முழுக்க நின்றதா என்று கேட்டால், இல்லை. ஆனால் உரக்கச் சொல்வது நின்றது.

ஏன் இப்படி ஆகிறது

எழுத்துகளை அறிமுகப்படுத்துவது முதல் இரண்டு வகுப்புகளில். உயிர்மெய் வரிசை அப்போதுதான் நாக்கிலும் கையிலும் ஏறுகிறது. நான்காம் வகுப்புப் புத்தகம் அது முடிந்துவிட்டது என்று நினைத்துத்தான் தொடங்குகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானால்கூட சேர்க்கையை மறுக்கக் கூடாது. இரண்டும் சரியான விதிகள். பின்தங்கிய பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சேர்க்கை உடனே நடந்துவிடுகிறது, பயிற்சிதான் பின்னால் நிற்கிறது.

இதில் கொரோனாவைக் கணக்கில் எடுக்காமல் பேச முடியாது. 2023-ல் நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் முதல் வகுப்புக்கு வகுப்பறைக்கே வந்ததில்லை. 2021 நவம்பர் 1-ல் தொடக்க வகுப்புகள் திறந்தபோது நேராக இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தார்கள். அப்படியானால் இங்கேயே இருந்தவர்களுக்கு மட்டும் எப்படி வாசிப்பு வந்தது? ஆசிரியைகளும் பெற்றோரும் சொன்ன பதில் ஒன்றுதான்: இல்லம் தேடிக் கல்வி. ஊரில் ஒரு தன்னார்வலர், அதே தெருவில் கட்டிக்கொடுத்த பெண், 2021 கடைசியிலிருந்து சாயங்காலம் தன் வீட்டுத் திண்ணையில் இந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஊரில் இருந்தவர்களுக்கு அந்தத் திண்ணை கிடைத்தது. நடுவில் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் மூன்றாம் வகுப்பு வரை வந்து, 2023–24-ல் நான்கு, ஐந்துக்கும் நீண்டது. கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது இப்படிப்பட்ட வகுப்புக்குப் பொருத்தமானதுதான். ஆனால் நிலை பிரிக்கும் தேர்வு ஆண்டுத் தொடக்கத்தில் நடக்கிறது. செப்டம்பரில் வருகிற பிள்ளைக்கு அது இல்லை. இந்தப் பள்ளியில் அப்படி வந்தவர்களை எந்த நிலையில் பயிற்சி நூல் மிச்சம் இருந்ததோ அந்த நிலையில் சேர்த்திருந்தார்கள். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. கையில் நூல் இல்லாமல் பிள்ளையை எப்படி உட்காரவைப்பது என்பதுதான் ஆசிரியையின் கவலை.

ஜூலை–ஆகஸ்ட்: எடுத்த முடிவுகள்

பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசினார்கள். இரண்டு யோசனைகள் உடனே வந்தன, இரண்டையும் விட்டுவிட்டார்கள்.

முதலாவது, இந்தி பேசும் பிள்ளைகளைத் தனியாக ஒரு அறையில் வைத்து இந்தி தெரிந்தவரைக் கொண்டு நடத்துவது. உதவ ஆளும் இருந்தது. வேண்டாம் என்றதற்குக் காரணம், பிரச்சினை மொழியில் இல்லை என்று கையில் கணக்கு இருந்தது. இன்னொன்று, 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை போகும் பிள்ளைக்குத் தமிழ்த்தாள் காத்திருக்கிறது. தமிழ் வகுப்பிலிருந்து அவர்களைப் பிரிப்பது அங்கே போய்த்தான் இடிக்கும்.

இரண்டாவது, வாசிக்கத் தெரியாதவர்களைத் தமிழ்ப் பாடவேளையில் இரண்டாம் வகுப்பில் உட்காரவைப்பது. குழுத் தலைவி, ஊர்க்காரப் பெண், இதற்கு இடமே கொடுக்கவில்லை. "மிஸ், பத்து வயசுப் பையனைச் சின்னப் பசங்களோட உட்கார வெச்சா மறுநாள் வர மாட்டான். எங்க வீட்லயே ஒண்ணு அப்படித்தான் நின்னுச்சு" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

கடைசியில் எடுத்தவை சின்னச் சின்ன முடிவுகள். வருகைப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சேர்ந்த மாதத்தையும் முன்பு இருந்த பள்ளிகளின் எண்ணிக்கையையும் எழுதுவது. வீட்டு மொழியை அந்த இடத்தில் எழுத வேண்டாம் என்று தலைமை ஆசிரியை சொன்னார். எழுதினால் கண் அதற்குத்தான் போகும் என்பது அவர் எண்ணம், சரியாகவும் பட்டது. எந்த மாதம் வந்தாலும், வந்த முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் வாசிக்கவைத்துப் பார்ப்பது. பார்த்ததை அரைத் தாளில் எழுதிப் பதிவேட்டுக்குள் வைப்பது. பிள்ளை ஊருக்குப் போனால் அதன் நகலைப் பெற்றோர் கையில் கொடுப்பது.

நேரம்தான் பெரிய சிக்கலாக இருந்தது. சாயங்காலம் என்றால் லைன் வீட்டுப் பெண் பிள்ளைகள் தம்பி தங்கையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில்தான், ஆகஸ்ட் 25, 2023 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிந்தது. பொங்கலும் உப்புமாவும் வர ஆரம்பித்ததும் பிள்ளைகள் எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். சாப்பிட்டு முடித்து மணி அடிக்கும் வரை முப்பது, நாற்பது நிமிடம் சும்மா கிடைத்தது. அதை எழுத்துக் குழுவுக்கு எடுத்துக்கொண்டார்கள். நான்கு, ஐந்து வகுப்புகளோடு ஆறாம் வகுப்பிலிருந்தும் சிலர். சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை முறைவைத்து வந்தார். கூடவே அந்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்.

மூத்த ஆசிரியர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நல்லா படிக்கிற பசங்களை யார் பார்ப்பாங்க? எல்லாரும் கீழ இருக்கிறவங்க பின்னாடியே ஓடுனா, மேல இருக்கிறவன் தனியார் பள்ளிக்குப் போயிடுவான்." அவர் சொன்னதை எதிர்ப்பு என்று ஒதுக்கக் கூடாது. ஊர்க்காரர்களில் கொஞ்சம் வசதி வந்தவர்கள் ஏற்கெனவே வேன் வரும் பள்ளிக்குப் பிள்ளைகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவருடைய கேள்விக்குத் திட்டத்தில் விடை இல்லை.

செப்டம்பர்–நவம்பர்

முதல் சில வாரங்கள் சரியாகப் போகவில்லை. தட்டுக் கழுவும் இடத்தில் கூட்டம், தண்ணீர் நின்றுபோவது, குழு தொடங்கவே நேரம் ஆனது. அப்புறம் சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்து வராண்டாவிலேயே குழுவை வைத்ததும் சீரானது. அட்டை, மணல் தட்டு, பழைய நாளிதழ். இதற்கு மேல் பொருள் எதுவும் கிடையாது. விரல் பின்தங்கிய அந்தப் பையனைத் தன்னார்வலர் பாடப்புத்தகமே தொடவிடவில்லை. கடைப் பலகை, பிஸ்கட் உறை, பஸ் போர்டு என்று அவன் மனப்பாடம் செய்திருக்க முடியாதவற்றையே கொடுத்தார். அக்டோபர் வாக்கில் சொற்களைக் கூட்ட ஆரம்பித்தான்.

தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் ஊருக்குப் போன குடும்பங்கள் நவம்பர் முடிவு வரை திரும்பவில்லை. முந்தைய ஆண்டாக இருந்தால் பெயர் காமன் பூலுக்குப் போயிருக்கும். இந்த முறை மேலாண்மைக் குழுத் தலைவி லைன் வீடுகளுக்குப் போய் யார் வருவார், யார் வர மாட்டார் என்று கேட்டு வந்ததால் பலருடைய பெயரை நிறுத்தி வைத்தார்கள்.

டிசம்பர் 2023: மிக்ஜாம்

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் பகுதிக்குள் வந்தது. பள்ளி மூடிக் கிடந்தது, அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய்ப் படலம் பரவியதில் மீன்பிடிக்கும் சொந்தங்கள் இருந்த வீடுகளுக்கும் வருமானம் நின்றது. லைன் வீடுகளில் தரையோடு இருந்தவை எல்லாம் நனைந்தன. சில குடும்பங்கள் அப்படியே கிளம்பிவிட்டன. ஊர்க்காரப் பிள்ளைகளும் சிலர் பொன்னேரிப் பக்கம் உறவினர் வீட்டில் தங்கி, பொங்கல் முடிந்துதான் வந்தார்கள். 'இங்கேயே இருப்பவர்கள்' என்று வகுத்தவர்களும் அந்த மாதம் வந்துபோகிறவர்களாக ஆனார்கள். அரைத் தாள்கள் இருந்த பீரோ உயரத்தில் இருந்ததால் தப்பியது.

ஜனவரி–ஏப்ரல் 2024: விளைவு

மார்ச் கடைசியில் திரும்ப வாசிக்கவைத்துப் பார்த்தபோது, பழைய 22 பேரில் 5 பேர் பள்ளியில் இல்லை. மிச்சம் 17 பேர். முன்பே வாசித்தவர்களையும் சேர்த்து 12 பேர் புதிய பத்தியை வாசித்தார்கள். மூவர் சொல் சொல்லாக, நின்று நின்று. இருவரிடம் அசைவே இல்லை. போன ஐவரில் ஒருவருடைய புதுப் பள்ளியிலிருந்து தலைமை ஆசிரியர் போன் செய்து, அரைத் தாளில் எழுதியிருந்ததைப் பற்றிக் கேட்டார். மற்ற நால்வர் எங்கே என்று தெரியவில்லை.

இவ்வளவு நடந்தும் வகுப்புச் சராசரி ஏறக்குறைய அங்கேயேதான் நின்றது. காரணம் எளிது. முன்னேறியவர்களில் சிலர் போய்விட்டார்கள். ஜனவரிக்குப் பிறகு புதிதாகச் சிலர் வந்து சேர்ந்தார்கள். ஏப்ரல் 19 வாக்குப்பதிவை முன்னிட்டு ஆண்டிறுதித் தேர்வு முன்னதாகவே தொடங்கியதால் அவர்களுக்கு நேரமும் கிடைக்கவில்லை. ஆய்வுக் கூட்டத்தில் வழக்கமான ஒற்றை எண்ணைப் பார்த்து அதே கேள்வி மறுபடி வந்தது. தலைமை ஆசிரியை சேர்ந்த மாதம் வாரியாகப் பிரித்த தாளை நீட்டினார். அதிகாரி வாங்கிப் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார். படிவத்தில் அதை எழுத இடம் இல்லை.

மூத்த ஆசிரியர் சொன்னதும் கொஞ்சம் நடந்தது. நன்றாகப் படித்த பிள்ளைகளின் கணக்கு மூன்றாம் பருவத்தில் சற்றுத் தளர்ந்தது. எழுத்துக் குழுவுக்குப் போன ஆசிரியைக்கு வகுப்பைத் தயார்செய்யும் காலை நேரம் போய்விட்டதுதான் காரணம் என்று அவரே சொன்னார்.

மாற்ற வேண்டியவை

2024 ஜூன் 10-ல் பள்ளி திறந்தபோது இந்த ஏற்பாட்டில் சிலவற்றை மாற்றினார்கள். காலைக் குழுவுக்கு ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும். மற்ற நாட்களில் தன்னார்வலரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரும். பெற்றோர் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, யார்டு வேலை இல்லாத நேரத்தில்.

கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பதும் இந்த ஆண்டில்தான் தெரிந்தது. வரும் பிள்ளைக்கு முதல் வாரம் தமிழ் வாசிப்பை மட்டும் பார்த்தோம். பீகாரிலிருந்து வந்த இரண்டு பையன்கள் பதினைந்தாம் வாய்ப்பாடு வரை இந்தியில் மடமடவென்று சொல்கிறவர்கள். தமிழில் எழுதிய வாக்கியக் கணக்கைப் படிக்கத் தெரியாததால் கணக்கிலும் அரும்பில் இருந்தார்கள். இப்போது கணக்கை வாய்மொழியாக, முடிந்தால் அவர்கள் மொழியிலேயே கேட்கிறார்கள். ஆறாம் வகுப்பில் படிக்கும் அக்காவோ அண்ணனோ மொழிபெயர்த்தால் போதும்.

இன்னும் ஒரு கூட்டம் விடுபட்டிருந்தது. ஆரம்பத்திலிருந்து இங்கேயே இருந்தும் வாசிக்காத 6 பேர். தாமதமாக வந்தவர்கள்தான் பிரச்சினை என்று தெரிந்ததும் கவனம் எல்லாம் அந்தப் பக்கம் போய், இவர்கள் நல்ல குவியலிலேயே இருந்துவிட்டார்கள். காலைக் குழுவிலும் சேர்க்கப்படவில்லை. ஜூலையில் வருகைப் பதிவேட்டை நாள்வாரியாகப் பார்த்தபோது, இவர்களில் மூவர் பெயர் நீங்காமலே மாதத்தில் பாதி நாள் வராதவர்கள். அந்த மூவரில் இருவர் இருளர் வீட்டுப் பிள்ளைகள். ஒரு பெண்ணுக்குக் காதில் சீழ். பின் பெஞ்சிலிருந்து டீச்சர் சொல்வது சரியாகக் கேட்பதில்லை என்று சிறப்புப் பயிற்றுநர் வந்து பார்த்தபின் தெரிந்தது. அவளுக்கு ஸ்டான்லி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து, இடத்தை முன் வரிசைக்கு மாற்றியிருக்கிறார்கள். மற்ற இருவருக்கும் காரணம் இன்னும் பிடிபடவில்லை. ஆறு பேரும் இப்போது வராண்டாக் குழுவில் இருக்கிறார்கள்.